எச்டி சீரியல் யூனிட் ஒன்று 4கே தொடருக்கு மாறியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் வாடகை பங்களாக்களில் நெடுந்தொடர் எடுத்துப் பழகிய தயாரிப்பு நிறுவனம் அது. பல வருடங்களாகத் தொலைக்காட்சிக்கு மட்டுமே வேலை செய்துவந்தது. காலையில் முதல் ஷாட் வைத்தால் இரவுக்குள் ஒரு எபிசோடுக்குத் தேவையான காட்சிகள் தேறிவிடும். அந்த வேகம்தான் அவர்களுடைய பலம். கோவிட் அலைகள் ஓய்ந்த சமயத்தில் ஓர் ஓடிடி தளம் எட்டு எபிசோடு கொண்ட குடும்பத் த்ரில்லர் ஒன்றை அவர்களிடம் ஒப்படைத்தது. படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளை மேற்பார்வை செய்ய என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நல்லவேளையாக, படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே சேர்த்துக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் தொழில்நுட்ப நிபந்தனைகள் இருந்தன. 3840×2160 அளவில், அதாவது பொதுவாக 4கே என்று சொல்லும் யுஎச்டியில், மாஸ்டர் (இறுதிப் பிரதி), வினாடிக்கு 24 ஃபிரேம், எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் அதிக வித்தியாசம் காட்டும் முறை). கேமராவின் சென்சாரே அகலத்தில் குறைந்தது 3840 பிக்சல் பிடிக்க வேண்டும். சின்னதாக எடுத்துவிட்டுப் பிறகு பெரிதாக்கித் தரக் கூடாது. ஸ்டாக் ஷாட், ட்ரோன் ஷாட் போன்றவற்றுக்கு மட்டும் கொஞ்சம் விலக்கு. வந்து சேரும் மாஸ்டரைத் தளத்தின் கியூசி குழு, அதாவது தரப் பரிசோதனைக் குழு, முழுக்கப் பரிசோதிக்கும் என்றும் இருந்தது.

எச்டி ஃபிரேம் ஒன்றில், அதாவது 1920×1080 அளவில், ஏறக்குறைய 20.7 லட்சம் பிக்சல். யுஎச்டியில் 82.9 லட்சம். நான்கு மடங்கு. ஆனால் இந்த யூனிட்டுக்கு மாறவிருந்தது பிக்சல் எண்ணிக்கை மட்டும் இல்லை. 2/3 அங்குல சென்சார் கேமராவில் ஜூம் லென்ஸ் மாட்டி, 25 ஃபிரேம் இன்டர்லேஸ்டு முறையில், வினாடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்துவந்தவர்கள் அவர்கள். ஃபோகஸையும் கேமராமேனே ஒரு கையால் பார்த்துக்கொள்வார். இனி பெரிய சென்சார், ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ், நிறத்தைப் பின்னால் சரிசெய்துகொள்ள வசதியான லாக் பதிவு, ஃபோகஸுக்கென்றே தனியாக ஒரு ஃபோகஸ் புல்லர். பல வருடப் பழக்கங்கள் பலவும் ஒரே நேரத்தில் மாற வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தில் தயாரிப்பாளர் உறுதியாக இருந்தார். இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஆர்ட் டைரக்டர், மேக்கப், காஸ்ட்யூம் எல்லாரும் பழைய ஆட்களேதான். புது வேலை வந்தது என்பதற்காகப் பழைய ஆட்களைக் கைவிட மாட்டேன் என்றார். அந்த முடிவு சரி என்றே அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ரெசல்யூஷனைக் கற்றுக்கொடுத்துவிடலாம், ஒரு வீட்டுக்குள் பத்து பேரை நிற்க வைத்துக் காட்சி எடுக்கும் நிதானத்தை அப்படிக் கற்றுக்கொடுக்க முடியாது.

முதல் கூட்டமும் பட்ஜெட்டும்

முதல் கூட்டத்தில் பேசியது எல்லாம் கேமராவைப் பற்றித்தான். எந்த கேமரா தளத்தின் பட்டியலில் இருக்கிறது, வாடகை என்ன, லென்ஸ் செட் எது. 6கே ஃபுல் ஃபிரேம் சென்சார் உள்ள ஒரு கேமரா முடிவாயிற்று. பட்ஜெட் தாளைப் பார்த்தால் கேமரா வரியில் மட்டும் தொகை ஏறியிருந்தது. ஆர்ட், மேக்கப், லைட், டேட்டா எல்லாம் சீரியல் கணக்கிலேயே இருந்தன.

தயாரிப்பாளர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். “வீட்ல சோபாவுல உட்கார்ந்து பார்க்கறவங்களுக்கு இந்த 4கே எல்லாம் தெரியுமா சார்?” இதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். 55 அங்குல டிவியின் உயரம் சுமார் 68 செ.மீ. நல்ல பார்வை உள்ள ஒருவர் எச்டி படத்தின் ஒவ்வொரு பிக்சலையும் பிரித்தறிய ஏறக்குறைய 2.2 மீட்டருக்குள் உட்கார வேண்டும். யுஎச்டிக்கு அது 1.1 மீட்டர். நம் ஹால்களில் சோபா பெரும்பாலும் அதைவிடத் தள்ளித்தான் இருக்கிறது. ஆகவே, கூடுதல் நுணுக்கம் முழுவதும் எல்லோருக்கும் போய்ச் சேராது. ஆனால் எச்டிஆரின் பிரகாச வித்தியாசம் எந்தத் தூரத்திலிருந்தும் தெரியும். ஃபோகஸ் தவறிய முகம் தெரியும். அதைவிட முக்கியம், கியூசியில் உட்கார்ந்து பார்ப்பவர் சோபாவில் உட்காரப்போவதில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, படப்பிடிப்புக்கு முன் ஒரு முழுநாள் டெஸ்ட் ஷூட் வேண்டும் என்று கேட்டேன். கதையில் வரும் அதே வீடு, அதே உடை, அதே மேக்கப், முக்கிய நடிகர்கள். ஒரு கால்ஷீட் வீண் என்று முதலில் தயங்கினார். அப்புறம் ஒத்துக்கொண்டார்.

டெஸ்ட் ஷூட்டில் தெரிந்தவை

படப்பிடிப்பு நடந்த வீட்டில் இயக்குநரின் முன்னால் இருந்தது 17 அங்குல எச்டி மானிட்டர். அதில் எல்லாமே அருமையாக இருந்தது. ஒளிப்பதிவாளர் திருப்தியாக இருந்தார். புதுசா வாங்கின சீலை மாதிரி ஃபிரேம் பளபளன்னு இருக்கு என்று காஸ்ட்யூம் பிரிவிலிருந்து ஒருவர் சொன்னார்.

மாலையில் டிஐ அறைக்கு, அதாவது படத்தின் நிறத்தையும் பிரகாசத்தையும் சரிசெய்யும் அறைக்கு, போனோம். 55 அங்குல 4கே எச்டிஆர் திரை, அதிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் நாற்காலிகள். எல்லாத் துறைத் தலைவர்களும் வர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். மேக்கப்மேனும் ஆர்ட் டைரக்டரும் இப்படி ஓர் அறையில் உட்கார்ந்து தங்கள் வேலையைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்றார்கள். அவர்கள் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆய்வில் முக்கியமாகப் பதிய வேண்டியது இதுதான்: படத்தை உருவாக்குபவர்களில் பாதிப் பேர் அது கடைசியில் போய்ச் சேரும் அளவில் அதைப் பார்ப்பதே இல்லை.

முதலில் கண்ணில் பட்டது ஃபோகஸ். 85 மி.மீ. லென்ஸை டி2-இல் (இந்த டி, எஃப் எண்கள் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும், ஃபோகஸில் இருக்கும் ஆழம் குறையும்) திறந்து, இரண்டு மீட்டர் தூரத்தில் நடிகரை நிறுத்தி எடுத்திருந்தார்கள். ஃபுல் ஃபிரேமில் அப்போது தெளிவாக இருக்கும் ஆழம், வழக்கமான கணக்கின்படி, சுமார் 6.5 செ.மீ. மட்டும். பழைய 2/3 அங்குல கேமராவில் அதே ஃபிரேமை எஃப்4-இல் எடுத்திருந்தால் அந்த ஆழம் ஏறக்குறைய அரை மீட்டர். அந்த அரை மீட்டருக்குள் நடிகர் முன்னும் பின்னும் அசையலாம், உணர்ச்சிவசப்பட்டு ஓர் அடி நகரலாம். இங்கே தலையை லேசாகச் சாய்த்தாலே ஃபோகஸ் கண்ணிலிருந்து காதுக்குப் போய்விடுகிறது. 17 அங்குல மானிட்டரில் இது தெரியவில்லை. பெரிய திரையில் டேக்குகளில் பெரும்பகுதி மங்கலாக இருந்தது. அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்தது மேக்கப். டிவிக்குப் போடும் கனமான பேன்கேக், கழுத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு கோடாகவே தெரிந்தது. வசனம் பேசும்போது கன்ன மடிப்பில் விரிசல். வயதான பாத்திரத்துக்கு வைத்த விக்கின் லேஸ் நெற்றியில் வலைக்கண்ணோடு தெரிந்தது. மூத்த நடிகை ஒருவர் தன் குளோசப்பைப் பார்த்துவிட்டு அமைதியாக எழுந்து வெளியே போனார். இயக்குநரும் பின்னாலேயே போனார். அவர் திரும்பி வந்து, லென்ஸ் முன்னால் கனமான டிஃப்யூஷன் ஃபில்டர் போட முடியுமா என்று கேட்டார்.

வீடும் தப்பவில்லை. சமையலறைக்குச் சேர்த்துக் கட்டிய தற்காலிகச் சுவரில் பிளைவுட் இணைப்பும் ஆணித் தலைகளும் தெரிந்தன. ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டிருந்த ஃபிளெக்ஸ் பேனரில் அச்சுப் புள்ளிகள் தெரிந்தன. சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் தேதி மட்டுமல்ல, ராகுகாலம், சந்திராஷ்டமம் வரை படிக்க முடிந்தது. கதையில் அன்றைக்கு வேறு கிழமை. மருத்துவமனை ரிப்போர்ட் என்று நடிகர் கையில் கொடுத்த தாளில் வேறொரு தொடரின் பாத்திரப் பெயர்.

உடையில், பொடிக்கட்டம் போட்ட சட்டை ஒன்று அசையும்போதெல்லாம் வானவில் போல நெளிந்தது. பட்டுச் சேலையின் மெல்லிய ஜரிகைக் கோடுகளிலும் அதே சிக்கல். யுஎச்டியில் ஓரளவு அடங்கியிருந்தது, எச்டிக்குச் சுருக்கிப் பார்த்தபோது மோசமானது. பெரும்பாலான பார்வையாளர்களுக்கு அந்தச் சுருக்கிய வடிவம்தான் போகும் என்பதால் அதை விட முடியாது.

கடைசியாக ஜன்னல். பழைய எஸ்டிஆர் படத்தில், அதாவது எச்டிஆர் அல்லாத வழக்கமான படத்தில், உச்ச வெள்ளை 100 நிட்ஸ் (பிரகாசத்தின் அலகு) அளவில் நின்றுவிடும். வெளுத்துப்போன திரைச்சீலையை யாரும் கவனிப்பதில்லை. எச்டிஆர் மானிட்டரில் அதே வெள்ளை 1000 நிட்ஸ் வரை போகிறது. நடிகர் முகத்தை விட்டுவிட்டுக் கண் ஜன்னலுக்கே போனது. டிஐயில் பிரகாசத்தைக் குறைத்தால், பதிவில் விவரமே இல்லாததால், அது ஒரு சாம்பல் நிறத் தட்டாக நின்றது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அடுத்த நாளே எல்லாரும் உட்கார்ந்தோம். வாக்குவாதம் இருந்தது. ஒளிப்பதிவாளர் பெரிய சென்சாரின் அழகை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. முதல் தடவையாக அவருக்கு சினிமா தரத்தில் ஒரு கருவி கிடைத்திருக்கிறது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். வீட்டுக்குள் நடக்கும் வசனக் காட்சிகளை கேமராவின் சூப்பர் 35 அளவு 4கே முறையில் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்னதான, சென்சாரின் நடுப்பகுதி), டி4-க்குக் கீழே திறக்காமல் எடுப்பது. முன்னால் சொன்ன அதே ஃபிரேமுக்கு அப்போது ஆழம் சுமார் 19 செ.மீ. ஆகிவிடும். தனிமையும் பயமும் தெரிய வேண்டிய சில காட்சிகளுக்கு மட்டும் ஃபுல் ஃபிரேம்.

இதற்கு விலை உண்டு. 6கேயில் எடுத்து 4கேக்குச் சுருக்கும்போது கிடைக்கும் கூர்மை, 4கேயில் எடுத்து 4கேயாகவே தரும்போது கிடைக்காது. சென்சாரின் வண்ணப் பிக்சல் அமைப்பால் நுணுக்கத்தில் ஒரு பங்கு குறையும். டி2-இலிருந்து டி4-க்குப் போனால் நான்கு மடங்கு வெளிச்சமும் வேண்டும். அதை ஓரளவு கேமராவின் உயர்ந்த இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் அளவை) வைத்தும், மீதியைக் கூடுதல் விளக்குகள் வைத்தும் சமாளிப்பது என்று முடிவு. ஃபோகஸில் இருக்கும் கொஞ்சம் குறைந்த கூர்மை, ஃபோகஸே இல்லாத அதிகக் கூர்மையைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஃபிரேம் வேகம் 24 என்பதால் ஷட்டர் கோணத்தையும், அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் பதியும் நேரத்தையும், பேச வேண்டியிருந்தது. வழக்கமான 180 டிகிரி வைத்தால் ஷட்டர் 1/48 வினாடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட்டும் மட்டமான எல்இடி பல்பும் அந்த ஷட்டரில் மினுக்கும். 172.8 டிகிரி வைத்தால் சரியாக 1/50 வினாடி வரும், மினுக்கல் அடங்கும். 25 ஃபிரேமில் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததே இல்லை என்பதால், கேமரா அசிஸ்டன்ட்டின் காலைப் பரிசோதனைப் பட்டியலில் இதை எழுதி ஒட்டினோம்.

மிக முக்கியமான முடிவு மானிட்டர். செட்டிலேயே 31 அங்குல 4கே மானிட்டர் ஒன்று, கறுப்புத் துணி போட்ட தனிக் கூடாரத்தில். அதற்கு முன்னால் எடிட்டிங் பிரிவிலிருந்து ஓர் உதவியாளர், திரையிலிருந்து சுமார் 60 செ.மீ. தூரத்தில். எங்களிடம் இருந்த வயர்லெஸ் கருவி எச்டி சிக்னல் மட்டுமே அனுப்பும். ஆகவே கேமராவிலிருந்து யுஎச்டி சிக்னலைக் கொண்டுபோகும் 12ஜி-எஸ்டிஐ கேபிள் இழுக்க வேண்டும்; அது எச்டி கேபிள் போல நீளமாகவும் போகாது. கூடாரம் எப்போதும் கேமரா பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு லொகேஷனிலும் அதற்கு இடம் ஒதுக்கச் சொன்னோம். அந்த உதவியாளருக்கு ஓர் அதிகாரம் கொடுக்கப்பட்டது: ஃபோகஸ் தவறினால், யாரையும் கேட்காமல் இன்னொரு டேக் கேட்கலாம்.

இயக்குநருக்கு இது பிடிக்கவில்லை. “ஒவ்வொரு ஷாட்டுக்கும் அந்தப் பையன் ஓகே சொல்லணுமா? நாள் எப்படிப் போதும்?” என்றார். பேசி ஒரு நடுவழிக்கு வந்தோம். எல்லா ஷாட்டையும் பிளேபேக் போட வேண்டாம். குளோசப்புகளையும், காட்சி முடிந்து விளக்கை நகர்த்துவதற்கு முன் கடைசி டேக்கையும் மட்டும் முழு அளவில் பார்ப்பது.

மேக்கப்பில் ஃபில்டர் யோசனையைக் கைவிட்டோம். கனமான டிஃப்யூஷன் முகத்தை மென்மையாக்கும், ஆனால் எச்டிஆரில் பின்னால் எரியும் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒளிவட்டம் கிளப்பும். அதற்குப் பதிலாக, மூத்த நடிகைக்கு மட்டும் பெரிய வெள்ளைத் துணியில் அடித்துத் திருப்பி, இன்னொரு துணி வழியாக வடிகட்டிய மென்மையான விளக்கு. மேக்கப்மேன் முப்பது வருடத்துக்கு மேல் தொழிலில் இருப்பவர். எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னார்: “இவ்ளோ நாளா லைட்டுக்குப் போட்டேன் தம்பி. இனிமே கண்ணுக்குப் போடறேன்.” பேன்கேக்கைக் குறைத்து, கழுத்து, காது, கை எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் வரும்படி மெல்லிய பூச்சாக மாற்றினார். மேக்கப் முடிந்ததும் நடிகரைக் கூடாரத்துக்கு முன்னால் நிறுத்தி மானிட்டரில் தானே பார்த்த பிறகுதான் செட்டுக்கு அனுப்புவார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஃபிளெக்ஸ் பேனர்களை எடுத்துவிட்டு, ஜன்னல்களில் பனிபடர்ந்த கண்ணாடி போல ஃபிலிம் ஒட்டி, அதன் வெளிப்பக்கம் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபிலிமும் சேர்த்தோம். வெளிச்சம் கட்டுக்குள் வந்தது, பின்னணிக்கு கிராஃபிக்ஸ் தேவையும் இல்லாமல் போனது. காலண்டர், செய்தித்தாள், ரிப்போர்ட் போன்ற எழுத்துள்ள பொருள்கள் எல்லாம் ஓர் உதவி இயக்குநரின் தனிப் பொறுப்பு. சட்டை, சேலைகளை வாங்குவதற்கு முன்பே கேமராவில் காட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

டேட்டா

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் எல்லாரும் கடைசியாக யோசிப்பது.

நாங்கள் பதிவு செய்த புரோரெஸ் 422 எச்கியூ என்ற கோப்பு வடிவத்தில் யுஎச்டி, 24 ஃபிரேம் என்றால் வினாடிக்கு சுமார் 707 மெகாபிட். மணிக்கு 318 ஜிபி. இரண்டு கேமராவும் ஆளுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1.9 டெராபைட். அவர்களுடைய சீரியல் கணக்கில் அதே ஆறு மணி நேரத்துக்கு 135 ஜிபிதான். அதை ஒரு பையன் இரவில் வீட்டுக்குப் போகும் முன் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டுப் போவான்.

சாதாரண ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால், 1.9 டெராபைட் ஏற மூன்றரை மணி நேரம் ஆகும். சரியாக ஏறியதா என்று செக்சம் (கோப்பிலிருந்து கணக்கிடும் ஒரு சரிபார்ப்பு எண்) வைத்துச் சரிபார்க்க, திரும்பவும் படிக்க வேண்டும். கிட்டத்தட்ட இன்னொரு மூன்றரை மணி நேரம். மூன்று பிரதி வேண்டும் என்றால் இரவு முழுக்கப் போதாது. முதல் வாரத்தில் இது நடந்தது. நள்ளிரவு தாண்டியும் காப்பி ஓடிக்கொண்டிருந்தது, மறுநாள் காலை கேமராவுக்குக் கார்டு காலியாக இல்லை. படப்பிடிப்பு மதியம்தான் தொடங்கியது. சரிபார்க்காமல் கார்டை அழித்துவிடலாம் என்று தயாரிப்பு நிர்வாகத்திலிருந்து ஒருவர் சொன்னார். டேட்டாவைப் பார்த்துக்கொண்ட இளைஞர் மறுத்துவிட்டார். அன்றைக்கு அவர் காட்டிய பிடிவாதத்தை நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வேகமான எஸ்எஸ்டி அடுக்கு ஒன்று வாடகைக்கு வந்தது. மதிய உணவு இடைவேளையிலேயே முதல் பாதியின் கார்டுகள் இறங்கத் தொடங்கும். ஒரே நேரத்தில் எஸ்எஸ்டிக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கும் போகும். இரவில் அலுவலகத்தில் எல்டிஓ என்ற காந்த டேப்பில் மூன்றாவது பிரதி. ஓர் எல்டிஓ-8 (எட்டாம் தலைமுறை) டேப்பில் 12 டெராபைட் கொள்ளும். ஏறக்குறைய ஆறு நாள் ரஷ், அதாவது எடுத்த காட்சிகளின் மூலப் பதிவு. இரண்டாவதாக ஒரு டேட்டா உதவியாளரும் சேர்க்கப்பட்டார். மூன்று பிரதியும் சரிபார்க்கப்பட்டது என்று தாளில் கையெழுத்து விழாமல் எந்தக் கார்டும் அழிக்கப்படவில்லை.

படப்பிடிப்பு

முதல் இரண்டு வாரம் மெதுவாகவே போனது. திட்டமிட்ட காட்சிகள் முடியவில்லை. பிறகு யூனிட்டுக்குக் கை பழகியது. ஃபோகஸ் புல்லர், நடிகர்கள் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டி, ரிகர்சலிலேயே தூரத்தை அளந்து குறித்துக்கொண்டார். சீரியல் நடிகர்களுக்குக் குறியிட்ட இடத்தில் நிற்பது புதிதல்ல என்பதால் அந்தப் பகுதி சுலபமாகவே நடந்தது. கூடாரத்தில் உட்கார்ந்த உதவியாளர் கேட்ட கூடுதல் டேக்குகள் நாளாக நாளாகக் குறைந்தன.

கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுக்கும் பேன் ஷாட்டில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. 24 ஃபிரேமில், எச்டிஆரின் அதிகக் கான்ட்ராஸ்டோடு கேமரா வேகமாகத் திரும்பினால் படம் குதித்துக் குதித்துப் போவது போலத் தெரிந்தது. ஒரு பொருள் ஃபிரேமின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு வினாடியாவது எடுக்க வேண்டும் என்ற பழைய ஒளிப்பதிவு விதியைக் கடைப்பிடித்தோம். நடந்து போகும் ஆளைத் தொடர்ந்து திரும்பும் ஷாட்டுகளுக்கு இந்த விதி வேண்டியதில்லை, கண் ஆளோடு போய்விடுகிறது.

எடிட்டிங் எச்டி பிராக்ஸியில், அதாவது சின்ன அளவு நகலில், நடந்தது. அதில் சொல்ல அதிகம் இல்லை. கிராஃபிக்ஸில் மட்டும், வேலை செய்த சின்ன ஸ்டுடியோ எச்டியில் செய்து பெரிதாக்கித் தரட்டுமா என்று கேட்டது. ஒப்பந்தம் அதை அனுமதிக்கவில்லை. யுஎச்டி ஃபிரேம் ஒன்று, 16 பிட் ஆர்ஜிபியாகச் சுருக்காமல் வைத்தால், சுமார் 50 எம்பி. பத்து வினாடி ஷாட் 12 ஜிபி. அவர்களுடைய கம்ப்யூட்டர்கள் திணறின. ஷாட்டுகளின் எண்ணிக்கையைக் குறைத்தோம். டிவி திரை, மொபைல் திரை மாற்றங்களை எல்லாம் கிராஃபிக்ஸில் செய்யாமல், படப்பிடிப்பிலேயே உண்மையான காட்சியை அந்தத் திரைகளில் ஓடவிட்டு எடுத்தது இங்கே கைகொடுத்தது.

டிஐயும் கியூசியும்

முதலில் எச்டிஆர் கிரேடு (நிறம், பிரகாசம் சரிசெய்தல்), அதிலிருந்து எஸ்டிஆர் என்று முடிவு செய்தோம். கலரிஸ்ட் முகங்களைப் பழைய பிரகாசத்திலேயே வைத்துக்கொண்டு, விளக்கு, தீபம், வெயில் போன்றவற்றுக்கு மட்டும் மேல் அளவுகளைப் பயன்படுத்தினார். எச்டிஆர் என்றதும் படம் முழுக்கப் பிரகாசமாக்கிவிடும் ஆசை வரும். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பூஜை அறைக் காட்சியில் குத்துவிளக்கின் சுடர் மட்டும் எரிவதைப் பார்த்தபோது இந்தச் சிரமம் எல்லாம் எதற்கு என்று தயாரிப்பாளருக்கே புரிந்தது.

முதல் சுற்றில் இரண்டு எபிசோடுகள் கியூசியிலிருந்து திரும்பி வந்தன. இரவுக் காட்சிகளில், உயர்ந்த ஐஎஸ்ஓவில், அசையாமல் நின்ற ஒளிரும் பிக்சல்கள். கேமரா சூடான பிறகு சென்சார் சீரமைப்பைத் திரும்பச் செய்யாமல் எடுத்ததன் விளைவு. சமையலறைக் காட்சியில் பித்தளைச் செம்பின் வளைவில் ஒரு லைட்மேன் நிற்பது தெரிந்தது. ட்ரோன் ஷாட் ஒன்றில் ஓட்டுக் கூரைகள் மினுமினுத்தன. ஓர் அழுகைக் காட்சியில் ஃபோகஸ் கண்ணில் இல்லை.

பிக்சல்களையும் செம்பையும் ஃபிரேம் ஃபிரேமாக அழித்துச் சரிசெய்தார்கள். ட்ரோன் ஷாட்டை லேசாக மென்மையாக்கிக் கொஞ்சம் சுருக்கினோம். அழுகைக் காட்சிக்குச் செய்ய எதுவும் இல்லை. ஃபோகஸைப் பின்னால் உருவாக்க முடியாது. அந்த டேக்கில் கூடாரத்து உதவியாளர் மறு டேக் கேட்டிருந்தார். நடிகை இனி இப்படி அழ முடியாது என்று இயக்குநர் தெரிந்தே அதை ஓகே செய்திருந்தார். அதைக் காரணத்தோடு எழுதி அனுப்பினோம், தளம் ஏற்றுக்கொண்டது. அந்த ஷாட் சரியான ஷாட்தான்.

விளைவு

எட்டு எபிசோடும் ஏற்கப்பட்டன. படப்பிடிப்பு திட்டமிட்டதைவிட நீண்டது. மானிட்டர், டேட்டா, கூடுதல் விளக்கு என்று சேர்ந்த செலவில் ஒரு பகுதியை, கிராஃபிக்ஸில் மிச்சமான தொகை ஈடுகட்டியது. மீதி தயாரிப்பாளரின் லாபத்தில் கைவைத்தது. அவர் அதை மறைக்காமல் சொன்னார்.

நிறுவனத்தின் தினசரித் தொடர்கள் இன்னும் எச்டியில்தான் எடுக்கப்படுகின்றன. அது சரியான முடிவு. அந்த வேகத்துக்கும் அந்தச் சம்பளக் கணக்குக்கும் 4கே பொருந்தாது, சேனலும் கேட்கவில்லை. ஆனால் மெல்லிய மேக்கப்பும், எழுத்துள்ள பொருள்களுக்கு ஒரு தனி ஆளும், செக்சம் பார்த்த பிறகே கார்டை அழிக்கும் வழக்கமும் அங்கேயும் போய்விட்டன. ஃபோகஸ் புல்லராக வந்தவர் இப்போது வேறு படங்களிலும் வேலை செய்கிறார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

டெஸ்ட் ஷூட்டுக்கும் முதல் நாள் படப்பிடிப்புக்கும் நடுவே இடைவெளி போதவில்லை. குறைகளைக் கண்டுபிடித்துவிட்டோம், திருத்தியதைத் திரும்ப எடுத்துப் பார்க்க நேரம் இல்லை. இரண்டாவது, சின்னதாக ஒரு டெஸ்ட் வேண்டும். அப்படி ஒன்று இருந்திருந்தால் பேன் சிக்கலும் சென்சார் சீரமைப்பும் முன்பே தெரிந்திருக்கும். டேட்டாவுக்கும் ஓர் ஒத்திகை வேண்டும்: ஒரு முழுநாள் அளவு கோப்பை எடுத்து, மூன்று பிரதி போட எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பது. செலவே இல்லாத வேலை அது.

கியூசியை எட்டு எபிசோடும் முடியும் வரை வைத்திருக்கக் கூடாது. முதல் எபிசோடின் பத்து நிமிடத்தை, கிரேடு முடித்து, படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தளத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். ஒளிரும் பிக்சல் விஷயம் அப்போதே பிடிபட்டிருக்கும், பிந்தைய இரவுக் காட்சிகள் தப்பியிருக்கும்.

தீராமல் இருப்பது ஒன்று உண்டு. ரஷ் முழுவதும் எல்டிஓ டேப்புகளில் நிறுவனத்தின் அலமாரியில் இருக்கிறது. தளம் மாஸ்டரை மட்டுமே வாங்கிக்கொண்டது. எல்டிஓ-8 டேப்பை அதே தலைமுறை டிரைவும் அதற்கு அடுத்த ஒரு தலைமுறை டிரைவும் மட்டுமே படிக்கும். அந்த டிரைவ்கள் வாடகைக்குக் கிடைக்காமல் போவதற்குள் இந்த டேப்புகளைப் புது டேப்புக்கு மாற்ற வேண்டும். அதற்கு யார் பணம் தருவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சில் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். தளத்தின் பதில் இன்னும் வரவில்லை.